பக்கத்து லைனின் பச்சை விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் தொடர் ஓய்வு தர வேண்டும் என்ற விதியைக் கேலி செய்து வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். லாரிக்காரர் விடிய விடிய ஓட்டுகிறார், ஆம்னி பஸ்காரர் சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை போகிறார், குளுகுளு அறையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவருக்கு இரண்டு நாள் தூக்கம் கேட்கிறதா என்பது அவர் கேள்வி. (நல்ல ஆம்னி பஸ்ஸில் இரண்டு ஓட்டுநர்கள் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.) அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 42 வயது வரை நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிறது என்று சொல்கிற உதவி ஓட்டுநரிடம், "முகத்தைக் கழுவிக்கொண்டு வா, தம்பி" என்பதுதான் என் மருத்துவம்.

நான் 34 வருடம் ரயில் எஞ்சினில் வேலை பார்த்து 2016-இல் ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி சரக்கு வண்டி. நான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் எங்களை 'டிரைவர்' என்றுதான் சொல்வார்கள். 'லோகோ பைலட்' என்ற பட்டம் பிறகு வந்தது. விமானிகளோடு எங்களுக்கு உள்ள உறவு அந்தப் பெயர் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1998 மார்ச்சில் ஓர் இரவு. ஊர் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. 58 வேகன் நிலக்கரியோடு ஒரு சிறிய நிலையத்தின் லூப் லைனில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்தோம். மெயின் லைனில் ஒரு மெயில் வண்டி கடந்து போக வேண்டும், அது போன பிறகுதான் எங்களுக்கு வழி. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மணி 3.20. வெளியே தவளைச் சத்தம், எஞ்சினுக்குள் புளோயர் ஓடும் ஒரே சீரான இரைச்சல். முன்னால் புறப்பட அனுமதி தரும் இரண்டு ஸ்டார்ட்டர் சிக்னல்கள், ஒன்று எங்கள் லூப்புக்கு, ஒன்று மெயின் லைனுக்கு. இரண்டும் சிவப்பு.

ஒன்று பச்சையானது. நான் கையை நீட்டி, சத்தமாக "பச்சை" என்றேன். அது எங்கள் தொழிலின் பழக்கம்: சிக்னலைக் கண்ணால் பார்த்தால் போதாது, வாயால் சொல்லி, கையால் காட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று என்னோடு இருந்த உதவி ஓட்டுநர் தம்பி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் பிரேக்கை விடுவித்து எஞ்சின் விசையை மூன்று நாட்ச் கூட்டிவிட்டேன். கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. "சார், நம்முடையது சிவப்பு! அது மெயின் லைன் சார்!" என்று அவர் கத்தினார். ஏ-9 என்கிற பிரேக் கைப்பிடியை எமர்ஜென்சிக்குத் தள்ளினேன். ஒரு வேகன் நீளம்கூட நகர்ந்திருக்க மாட்டோம். அடுத்த சில நிமிடத்தில் மெயில் வண்டி எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது. ஏ.சி. பெட்டிகளின் நீல விளக்கு, சாதாரணப் பெட்டிகளில் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்குகிற முகங்கள். ஒரு ஜன்னலில் குழந்தையின் கால் ஒன்று வெளியே தொங்கியது, அதில் கொலுசு இருந்தது. அந்த வேகத்தில் அதெல்லாம் தெரிந்திருக்க முடியாது என்று என் மனைவி சொல்வாள். எனக்குத் தெரிந்தது.

நான் தூங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கண் திறந்திருந்தது. பச்சை விளக்கைப் பார்த்ததும் உண்மை, அது பச்சையாக இருந்ததும் உண்மை. அது யாருடைய பச்சை என்கிற ஒரு சின்னக் கணக்கு மட்டும் மூளையில் ஓடவில்லை. இரண்டு மணி நேரமாக எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேனோ, அதையே மூளை எடுத்துக் கொடுத்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு விபத்து அறிக்கைகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு. பேரன் கைப்பேசியில் இறக்கித் தருவான், அகராதி பக்கத்தில் இருக்கும். அப்படிப் படித்ததில் என்னை எழுந்து உட்கார வைத்தது 2017 ஜூலை 7-ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. ஏர் கனடா 759, டொராண்டோவிலிருந்து வந்த ஏர்பஸ் ஏ320, உள்ளே 140 பேர். இறங்க வேண்டியது வலது பக்க ஓடுபாதையில். அதற்கு இணையாக இடது பக்கம் இன்னொரு ஓடுபாதை உண்டு. அன்றிரவு வேலைக்காக அதை மூடி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். வலது ஓடுபாதைக்கும் வலப்புறத்தில் டாக்ஸிவே, அதாவது விமானங்கள் ஊர்ந்து போய் வரிசையில் நிற்கிற பாதை. விமானிகள் மனதில் இருந்த படம் என்ன? இரண்டு ஓடுபாதை, நமக்கு வலது பக்கத்தது. கண்ணுக்குத் தெரிந்ததும் வெளிச்சமான இரண்டு பாதைகள்தான். வலது பக்கத்ததை எடுத்துக்கொண்டார்கள். அது டாக்ஸிவே. அங்கே நான்கு விமானங்கள் எரிபொருளோடும் ஆட்களோடும் புறப்படக் காத்திருந்தன.

டாக்ஸிவேயின் நடுக்கோட்டில் இருப்பவை பச்சை விளக்குகள். ஓடுபாதையின் ஓரங்களில் இருப்பவை வெள்ளை. வேறு யாரும் இதைப் படித்தால் "இது கூடவா தெரியாது" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல முடியாது.

விமானிகளுக்கும் உள்ளே ஏதோ உறுத்தியிருக்கிறது. ஓடுபாதையில் விளக்குகள் தெரிகின்றனவே, இறங்கலாம்தானே என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டார்கள். அவர்கள் பார்த்த விளக்குகள் நின்றுகொண்டிருந்த விமானங்களுடையவை. கோபுரத்தில் அந்த நேரத்தில் பணியில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் ஓடுபாதையைப் பார்த்தார், அது காலியாக இருந்தது. உங்களைத் தவிர அதில் யாரும் இல்லை, இறங்கலாம் என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள், வேறு வேறு பாதைகளைப் பற்றி. வரிசையில் முதலில் நின்ற விமானத்தின் கேப்டன் வானொலியில், இந்த ஆள் எங்கே போகிறார், இவர் டாக்ஸிவேக்கு மேலே இருக்கிறார் என்று கத்தினார். இரண்டாவதாக நின்ற பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்தவர்கள் இறங்கு விளக்குகளைப் போட்டார்கள். ஏர் கனடாவின் துணை விமானி அதுவரை குனிந்து கருவிகளில் வேலையாக இருந்தவர். நிமிர்ந்து பார்த்ததும் காட்சி சரியில்லை என்று பட்டது. மேலே போகலாம் என்று அவர் சொன்னதும் கேப்டன் வேகத்தைக் கூட்டியதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். அதற்குள் விமானம் தரையிலிருந்து 60 அடி வரை இறங்கிவிட்டது. நின்றிருந்த பெரிய விமானங்களின் வாலே 55 அடி உயரம் இருக்கும். ஐந்து விமானங்களிலும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல்.

குனிந்து ஏதோ வேலையாக இருந்த உதவியாளர், சரியான நேரத்தில் நிமிர்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது கைப்பேசியை வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இடது ஓடுபாதை மூடியிருக்கிறது என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லவில்லையா? சொன்னார்கள். விமானிகளுக்கான அறிவிப்புகளை 'நோட்டாம்' என்பார்கள். அன்று கொடுத்த தொகுப்பு 27 பக்கம், இந்தச் செய்தி 8-ஆம் பக்கத்தில். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அன்றைய தலைவர் ராபர்ட் சம்வால்ட், இந்த அறிவிப்புகள் யாரும் கண்டுகொள்ளாத குப்பை என்று விசாரணைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். இதில் மட்டும் எங்கள் ரயில்வேயைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட அனுமதியுங்கள். எங்களுக்கு 'காஷன் ஆர்டர்' என்று ஒரு காகிதம் உண்டு. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகம், என்ன காரணம் என்று வண்டி போகிற வரிசையிலேயே எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, கண் முன்னே வைத்துக்கொள்வோம். முதலில் வருவது முதலில் இருக்கும். இதற்குப் பெரிய அறிவியல் ஒன்றும் வேண்டியதில்லை, ஓட்டுகிறவன் எந்த நிலையில் இதைப் படிப்பான் என்று எழுதுகிறவர் ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

இன்னொன்றும் இருந்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ வழிகாட்டி. அந்த இறக்கத்துக்கு அதன் அலைவரிசையைக் கையால் வைக்க வேண்டும். துணை விமானி வைக்கத் தவறினார், கேப்டன் அதைச் சரிபார்க்கவில்லை. நான்கு நிமிடம் முன்னால் அதே இருட்டில் அதே பாதைக்கு வந்த டெல்டா விமானத்தில் இருந்தவர்களுக்கும் முதலில் குழப்பம்தான். அவர்கள் கருவியைப் பார்த்துத் தெளிந்து சரியாக இறங்கினார்கள்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது இரவு 11.56. டொராண்டோவிலிருந்து வந்தவர்களின் உடம்புக்கு அது விடியற்காலை 2.56. கேப்டன் விழித்து 19 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, துணை விமானி 12 மணி நேரத்துக்கு மேல். கேப்டன் சட்டத்தை மீறவில்லை. காலையில் எல்லோரையும்போல எழுந்தார். அழைத்தால் வர வேண்டிய காத்திருப்புப் பணி, அழைத்தார்கள், வந்தார். அன்றைய கனடா விதிப்படி எல்லாம் சரி. அமெரிக்க விதி அவருக்குப் பொருந்தியிருந்தால் அந்த நேரத்தில் அவர் விமானத்தில் இருந்திருக்கவே முடியாது. கனடா பிறகு விதியைத் திருத்தியது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப்போல ஆகிவிடுகிறது என்று 1990-களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். டியூட்டியில் கையெழுத்துப் போடும்போது எங்களை ஊதச் சொல்வார்கள், விமானிகளையும் அப்படித்தான். தூக்கத்தைக் காட்டுகிற கருவி யாரிடமும் இல்லை. 'நீங்கள் களைப்பாக இருக்கிறீர்களா' என்று அந்த ஆளையே கேட்பதிலும் பயனில்லை, குடித்தவரிடம் நிதானமாக இருக்கிறாரா என்று கேட்பது போலத்தான். 1998-இல் அந்த இரவு என்னைக் கேட்டிருந்தால், நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

காகிதப்படி எனக்கும் அன்று 16 மணி நேர ஓய்வு கிடைத்திருந்தது. காலையில் வீட்டுக்கு வந்தேன். தங்கை மகளுக்குக் காதணி விழா. பந்தியில் நின்று பரிமாறினேன், மாமன் சீர் வைத்தேன், மதியம் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினேன். மார்ச் வெயில், தகரக் கூரை, கோயில் ஒலிபெருக்கி. இரவு 'கால் பாய்', அதாவது டியூட்டிக்கு அழைக்க வருகிறவர், வந்து கதவைத் தட்டி நோட்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். பகலில் தரும் ஓய்வையும் இரவுத் தூக்கத்தையும் ஒரே மணிக்கணக்கில் எழுதுகிறவர்கள் பகலில் தூங்கிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டு காலை ஆறு மணிக்கு இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டனின் குறட்டையும் ஆழ்ந்த மூச்சும் கேட்டன. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் விழித்திருக்கிறார். துணை விமானி மூன்று முறை, மேலே போய்விடலாம் என்று சொன்னதும் அதில் இருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. தூங்கி எழுந்த கையோடு மூளை மட்டும் எழுந்திருக்காத அந்த நிலையை விசாரணை நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டது. எங்கள் எஞ்சின்களில் பின்னாளில் ஒரு கருவி வந்தது. ஒரு நிமிடம் ஓட்டுநர் எதையும் தொடாவிட்டால் விளக்கு எரியும், பிறகு மணி அடிக்கும், அதற்கும் அசையாவிட்டால் தானாக பிரேக் பிடிக்கும். நல்ல கருவிதான். ஆனால் மணிச் சத்தத்துக்குப் பொத்தானை அமுக்கக் கை பழகிவிடும், ஆள் எங்கோ இருப்பான். என் கை அப்படி அமுக்கியிருக்கிறது. பொத்தானை அமுக்குகிற வேலைதானே என்று எழுதிய வாசகருக்கு இதைச் சொல்லத் தோன்றியது.

2018 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து 136 பயணிகளோடு மாலத்தீவின் மாலேவுக்குப் போன ஏர் இந்தியா விமானம், கட்டிமுடிக்காத புது ஓடுபாதையில் இறங்கி டயர் வெடித்து நின்றது. யாருக்கும் காயமில்லை. அதற்குத் தூக்கம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. பகலிலேயே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதை இருந்தால் கண் தவறான பக்கம் போகும் என்றால், விடியற்காலை மூன்று மணிக்கு என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

சான் பிரான்சிஸ்கோ அறிக்கையில் என்னை வெட்கப்பட வைத்த வரி ஒன்று உண்டு. கேப்டன் அந்தச் சம்பவத்தை நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்கவில்லை. மறுநாள் காலை அதே விமானம் வேறு பயணம் போனது, இரண்டு மணி நேரமே தாங்கும் ஒலிப்பதிவு அழிந்துபோனது. நானும் சொல்லவில்லை, ஐயா. அடுத்த நிலையத்தில், வண்டியின் கடைசியில் வரும் கார்டு என்னிடம் வந்து, "என்ன டிரைவர், லூப்பிலேயே ஒரு குலுக்கு குலுக்கினீர்கள்?" என்றார். பிரேக் பவர் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். சிவப்பைத் தாண்டவில்லை, எனவே எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. சொல்லியிருந்தால் என் பெயர் கெட்டிருக்கும். சொல்லாததால், அந்த லூப் லைனில் இரவு நேரத்தில் பக்கத்து சிக்னல் குழப்புகிறது என்பது எனக்குப் பின்னால் வந்த ஒருவருக்கும் தெரியாமல் போனது. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே ரகசியமாகத் தெரிவிக்க 1976 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நடத்துவது நாசா, தண்டிக்கிற அதிகாரம் உள்ள துறை அல்ல. அந்தப் பிரிவினை யாருக்குத் தோன்றியதோ அவர் புண்ணியவான்.

இங்கே நடந்ததைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது 12 முதல் 5 வரை என்றிருந்தது 6 வரை நீண்டது. இரவில் இறங்குவது 6 முறை வரை என்றிருந்தது 2 முறை ஆனது. நிறுவனங்கள் இழுத்தன, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆள் எடுத்துத் தயாராக ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தது. 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. உடனே அந்த நிறுவனத்துக்கு மட்டும் இரவு விதிகளை 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தினார்கள். திருமணத்துக்கும் தேர்வுக்கும் போக முடியாமல் தவித்தவர்களின் கஷ்டம் உண்மைதான். ஆனால் கணக்குப் போடத் தவறிய நிர்வாகத்துக்காக விமானியின் இரவுத் தூக்கத்தில் கை வைத்தார்கள். ஒரு முறை தளர்ந்த விதி அடுத்த நெருக்கடியில் முன்னுதாரணமாக வந்து நிற்கும். இதைத்தான் உங்கள் நாளிதழ் விடாமல் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

லாரி ஓட்டுநரைப் பற்றி. அவரைத் தூங்கவிடாமல் ஓட்ட வைப்பது நாம் அவருக்குச் செய்கிற அநியாயம். அதை அளவுகோலாக வைத்து இன்னொருவருக்கும் அதே அநியாயத்தைச் செய்யச் சொல்கிறார் அந்த வாசகர். ஓய்வு கூடினால் ஆள் கூட வேண்டும், டிக்கெட் விலை கூடும். கூடட்டும்.

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது, நள்ளிரவில் ஒரு விமான நிலையத்தில், பணியாளர்களின் வேலை நேரம் முடிந்துவிட்டதால் விமானம் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். கூட்டம் கொந்தளித்தது. "இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் செத்தா போவார்?" என்று ஒருவர் கத்தினார், சிலர் கைதட்டினார்கள். அந்த விமானி தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியை இழுத்தபடி எங்கள் நடுவே நடந்து போனார். என் மகன் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று வாய் வரவில்லை.

டிசம்பர் செய்திகள் வந்த வாரத்தில் அந்த உதவி ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். அவர் இப்போது மெயில் வண்டி ஓட்டுகிறார். குடும்பம், பென்ஷன், முட்டி வலி என்று பேசிவிட்டு, "சார், அந்த லூப் லைன் நினைவிருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "இருபத்தேழு வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை சார்."

"பேப்பருக்கு நானே எழுதிவிடுகிறேன், தம்பி" என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ பைலட்,
அரக்கோணம்.